வெள்ளத்தில் நனைந்த மொபெட் எஞ்சின்: வீட்டிலேயே பிரித்துச் சீர் செய்யும் முறை

தாம்பரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், ஆதனூர், மணிமங்கலம், படப்பை வட்டாரங்களில் கீரைக் கட்டும், பால் கேனும், மாட்டுக்குப் புல் கட்டும் மொபெட்டில் ஏற்றிச் செல்கிற வீடுகள் இன்னும் உண்டு. ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் வெளிவந்தது. அதற்குப் பின் வந்த எக்ஸ்.எல். வகைகளும் நெடுங்காலம் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினோடுதான் வந்தன. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய எக்ஸ்.எல். 100 வந்தது 2015-ல். ஆனாலும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஓடிப் பழகிய பழைய வண்டியை விட மனமில்லாதவர்கள் பலர்.

இந்த வட்டாரத்தில் இந்த எஞ்சின்களுக்கு வயதைவிடப் பெரிய எதிரி மழைத் தண்ணீர். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் வந்த வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. வாசலில் நிறுத்திய வண்டி முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றாலே போதும், எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் முதலில் செய்யத் தோன்றுவது பெடலை அல்லது கிக்கரை உதைத்துப் பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. பெட்ரோலும் காற்றும் கலந்த புகை அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனுக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது எஞ்சினைச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும். வளையாமல் தப்பினாலும், வண்டல் மண் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே அரைத்துக் கோடு போட்டுவிடும்.

ஏன் கீழ்ப்பாகம் முக்கியம்

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் சுற்றும் அறையில் ஆயில் தனியாக இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அந்த அறையில் அமுங்கி, பக்கத் துவாரங்கள் வழியாகச் சிலிண்டருக்கு ஏறுகிறது. அதாவது கிராங்க் அறையே ஒரு பம்பு. கிராங்க், பேரிங், கனெக்டிங் ராட் ஆகியவற்றுக்கு வேண்டிய எண்ணெய், பெட்ரோலில் கலந்துவிடும் 2டி ஆயில் மூலமாகத்தான் கிடைக்கிறது. வேறு வழி கிடையாது.

ஆகவே தண்ணீர் புகுந்தால் அது நேரே போய்த் தங்கும் இடம் இந்த அறைதான். பேரிங் குண்டுகள் மேல் உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் போய், சில நாட்களிலேயே துருப் புள்ளிகள் விழும். சாதாரணமாகப் பட்டறைகளில் ஹெட்டைக் கழற்றி, கரி சுரண்டி, ரிங் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். வண்டி நன்றாகக் கிளம்பும். இரண்டு மூன்று மாதத்தில் கரகரவென்று சத்தம் வந்து, ஒரு நாள் சுமையோடு போகும்போது ஜாம் ஆகி நின்றுவிடும். புது பிஸ்டன் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். பழுது இருந்தது கீழே. மேல் வேலை பார்வைக்கு வேலை. கீழ் வேலைதான் ஆயுளைத் தருவது.

முதல் நாள் வேலை

பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்ற வேண்டும். கார்புரேட்டரையும் சைலன்சரையும் எடுத்துவிட்டு, வண்டியை மெதுவாகச் சாய்த்துத் தண்ணீரை வடிய விடலாம். பிறகு மேக்னெட் சக்கரத்தைக் கையால் மட்டும் மெல்லச் சுற்றி மிச்சத்தை வெளியேற்றலாம். பிளக் துவாரத்திலும் கார்புரேட்டர் இருந்த வாயிலும் கொஞ்சம் 2டி ஆயிலை ஊற்றிக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி வைத்தால், பிரிக்கும் நாள் வரை துரு ஏறாமல் தாங்கும். கிளட்ச் பக்கத்து ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் அங்கும் தண்ணீர் போயிருக்கிறது. வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

டாங்கியில் உள்ள பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்ப்பது அவசியம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உறவு அதிகம். தண்ணீர் அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே தனி அடுக்காக இறங்கிவிடும். 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்கியின் குழாய் எடுப்பதோ அடியிலிருந்து. அந்த அடுக்கு எஞ்சினுக்குள் போனால் எண்ணெயே இல்லாமல் ஓட்டியது போல ஆகும். பாட்டிலில் இரண்டு அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோலை வடிகட்டி உபயோகிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. முழுவதையும் அப்புறப்படுத்தி, டாங்கியைக் கழுவி உலர்த்த வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் இந்தச் சமயத்தில் மாற்றிவிடுவது நல்லது.

பிரித்துப் பார்த்தல்

பிரிக்கும் முன் எஞ்சினின் வெளிப்புறத்தை டீசலும் பிரஷும் கொண்டு கழுவி, துடைத்து உலர விட வேண்டும். வேலை காற்றோட்டமான தாழ்வாரத்தில் நடக்கட்டும். அடுப்போ விளக்கோ பக்கத்தில் கூடாது. கழற்றும் ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் அட்டைப் பெட்டி ஒன்றில் துளையிட்டு, இருந்த இடத்து வரிசையிலேயே செருகி வைத்தால் பின்னால் தேட வேண்டியதில்லை.

ஹெட் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சிலிண்டரை நேராக உருவியதும் கிராங்க் அறையின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு கம்பி வளையம் தெறித்து உள்ளே விழுந்தால் அரை நாள் வேலை கூடிவிடும்.

இனித்தான் முக்கியமான பரிசோதனை. கனெக்டிங் ராடைப் பிடித்து, கிணற்றில் கயிறு இழுப்பது போல் நேர் மேலே இழுத்தும் கீழே அழுத்தியும் பார்க்க வேண்டும். மேல் கீழாக ஆட்டம் சிறிதும் இருக்கக் கூடாது. 'டக்' என்று தட்டினால் பிக் எண்ட் பேரிங் முடிந்துவிட்டது. பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பே. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடுத்து மேக்னெட் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். அது ஆடினால் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. காதை எஞ்சினில் வைத்து மெல்லச் சுற்றும்போது மணல் அரைபடுவது போல் கேட்டால் துரு ஏறிவிட்டது என்று அர்த்தம். வண்டி ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் நின்றிருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் கீழ்ப்பாகத்தைப் பிரித்தே பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மேக்னெட் சக்கரத்தை எடுக்க அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டுகிறவர்கள் கிராங்க் முனையின் புரியைக் கெடுப்பதோடு கிராங்கையே கோணலாக்கிவிடுகிறார்கள். அடியில் உள்ள அரைவட்டச் சாவியைப் பத்திரப்படுத்த வேண்டும். அது நகர்ந்தால் பொறி விழும் நேரம் மாறிவிடும். கிளட்ச் நட்டு சில எஞ்சின்களில் இடப்புரியாக இருக்கும். பலம் காட்டுமுன் புரி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கேஸின் இரண்டு பாதிகளையும் பிரிக்க நடுவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பவே கூடாது. நெம்பிய இடத்தில் விழும் கீறல் வழியாகப் பிற்பாடு காற்று புகும். மர அல்லது ரப்பர் சுத்தியலால் ஓரங்களில் தட்டினால் பிரிந்துவரும்.

லேத் பட்டறைக்குப் போக வேண்டியவை

வீட்டில் செய்யக் கூடாத வேலைகள் இரண்டு உண்டு. ஒன்று, கிராங்கைப் பிரித்துப் புதிய கனெக்டிங் ராட் செட் ஏற்றுவது. இந்தக் கிராங்க் அழுத்திச் சேர்க்கப்பட்டது. பிரஸ் வைத்து ஏற்றியபின், இரு முனைகளுக்கிடையே வைத்து டயல் கேஜால் நேர் பார்க்க வேண்டும். வைஸில் வைத்துச் சுத்தியலால் அடித்துச் சேர்க்கும் இடத்தில் கொடுத்தால் பணமும் போகும், புது பேரிங்கும் போகும்.

மற்றொன்று சிலிண்டர் போரிங். இதில் பலர் முறையை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கொண்டுபோய், அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுப் போரிங் செய்யச் சொல்ல வேண்டும். போரிங் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது, செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுவது போல. 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாகக் கூடும் அளவுகளில் பிஸ்டன் கிடைக்கிறது; கோடு மறையும் வரை போதுமான மிகக் குறைந்த அளவையே தேர்ந்தெடுத்தால் பின்னால் இன்னொரு முறை போரிங் செய்ய இடம் இருக்கும். போரிங் முடிந்ததும் சிலிண்டரின் உள்ளே உள்ள துவாரங்களின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கத்தி போல் கூர்மையாக இருந்தால் ரிங் அதில் மாட்டி ஒடிந்துவிடும். விளிம்பை மெல்ல மழுக்கித் தரச் சொல்ல வேண்டும். இதைப் பட்டறையில் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

புது உதிரிப் பாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடும், பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பேர் போனவை. கேஸ் உடைந்திருந்தால் புதுப்பேட்டையில் பழைய கேஸ் கிடைக்கும்தான். ஆனால் எஞ்சின் நம்பர் பொறித்திருப்பது கேஸில். அது ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், 15 ஆண்டு முடிந்த வண்டியைப் புதுப்பிக்கப் போகும்போது விடை சொல்ல முடியாது. இயன்றவரை சொந்தக் கேஸையே அலுமினியம் வெல்டிங் வைத்துச் சரிசெய்துகொள்வது மேல்.

சேர்த்தல்

மெயின் பேரிங்குகளும் இரு பக்கத்து ஆயில் சீல்களும் கட்டாயம் புதிதாகப் போட வேண்டும். கழற்றிய சீலைத் திரும்பப் போடுவது வீண் சிக்கனம். பேரிங்கை அடித்து ஏற்றாமல் இருக்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய சீலை எடுத்துவிட்டு, டீசல் வாடையே இல்லாமல் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்திய கேஸ் பாதியை, பழைய இரும்புத் தோசைக்கல் மேல் வைத்துச் சிறு தணலில் சூடாக்க வேண்டும். ஒரு துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகும் பதம் போதும். பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி முந்தின இரவே ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால், சூடான கேஸில் அது கிட்டத்தட்ட தானாகவே இறங்கி உட்காரும். தட்ட நேர்ந்தால் வெளி வளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும். கேஸ் ஆறியபின் புது சீலைப் போடலாம். இதற்கு வீட்டில் தோசை சுடும் கல்லை எடுத்தால் வரும் விளைவு எஞ்சினைச் சார்ந்ததல்ல.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுமுன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். 46 மி.மீ. போருக்குச் சுமார் 0.15-லிருந்து 0.30 மி.மீ. வரை இருப்பது வழக்கம்; கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே கொள்ள வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சிறு முளை உண்டு. ரிங்கின் முனைகள் அந்த முளையின் இருபுறமும் வரும்படி பொருந்த வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் தாராளமாக 2டி ஆயில் தடவி, சிலிண்டரை நேராகவே இறக்க வேண்டும். இறங்கவில்லையே என்று இப்படியும் அப்படியும் திருகினால் ரிங் முனை துவாரத்தில் மாட்டிக்கொள்ளும்.

காற்றுக் கசிவுப் பரிசோதனை

வீட்டு வேலைக்கும் தேர்ந்த மெக்கானிக் வேலைக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான். மேக்னெட் பக்கத்து சீல் கசிந்தால் வெளிக்காற்று கிராங்க் அறைக்குள் புகும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு வரும் எண்ணெயும் குறையும்; எஞ்சின் சூடாகி ஜாம் ஆகும். கிளட்ச் பக்கத்து சீல் கசிந்தால் அங்குள்ள ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை தள்ளும். கிளட்ச் ஆயில் குறைந்துகொண்டே வரும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத கசிவுகள்.

இதைக் கண்டுபிடிக்க ரத்த அழுத்தம் பார்க்கும் டயல் கருவி போதும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் ரப்பர் குழாயை இறுகச் செருகி, கருவியின் பல்பும் டயலும் அந்தக் குழாயில் சேரும்படி இணைக்க வேண்டும். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் தடித்த ரப்பர் துண்டு வைத்து நட்டு முடுக்கி அடைக்க வேண்டும். பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்த வேண்டும். அப்போதுதான் பக்கத் துவாரங்கள் திறந்து காற்று கிராங்க் அறை வரை போகும். பல்பை அமுக்கி முள்ளை 250-க்குக் கொண்டுவந்து காற்று விடும் திருகை மூடி, ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் நின்றால் நிம்மதி. கண் முன்னே இறங்கினால் சீல், கேஸ் இணைப்பு, ஹெட் ஓரம் ஆகிய இடங்களில் சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். சைக்கிள் பம்பு வைத்து வேகமாக அடித்தால் புது சீலே பிதுங்கிவிடும். இந்த அறை பெரிய அழுத்தத்துக்கு ஏற்பட்டதல்ல.

ஓட விடுதல்

மேக்னெட் காயில்களை நிழலில் நன்றாக உலர்த்தி, சக்கரத்தின் உள் துருவை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து மாட்ட வேண்டும். சைலன்சரில் வண்டலும் கரியும் அடைத்திருந்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இழுக்காது. அதைச் சுத்தம் செய்யாமல் மாட்டுவதில் பயனில்லை.

2டி ஆயிலைக் கண் மதிப்பில் ஊற்றும் பழக்கம் பல எஞ்சின்களின் ஆயுளைக் குடித்திருக்கிறது. லிட்டருக்கு 20 மி.லி. என்றால் 20 மி.லி.தான், மருந்துக் குப்பியின் மூடியில் அளந்து, தனி டப்பாவில் பெட்ரோலோடு குலுக்கிக் கலந்தபின் டாங்கியில் ஊற்ற வேண்டும். புது பிஸ்டன் போட்ட முதல் டாங்கிக்கு மட்டும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். நாலு ஸ்ட்ரோக் வண்டிக்குப் போடும் ஆயில் இதற்கு உதவாது. அது கரியாகப் படியும்.

முதல் 500 கி.மீ. வரை இரட்டைக் கேன் சுமையும், ஜி.எஸ்.டி. சாலையில் முறுக்கிப் பிடித்த ஓட்டமும் வேண்டாம். மேம்பாலத்தில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மூடி நெடுந்தூரம் உருள விடுவதும் கூடாது. பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் நன்றாக ஆறியபின் ஹெட் நட்டுகளை ஒரு முறை முடுக்கிப் பார்க்க வேண்டும். பிளக்கின் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் எங்கோ காற்று புகுகிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கசிவைத் தேட வேண்டும்.

மேடு பள்ளங்களில் பந்தயம் ஓட்டும் மோட்டோகிராஸ் வண்டிக்காரர்கள் பிஸ்டனை மாற்றுவது கிலோ மீட்டர் பார்த்து அல்ல. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து. ஏரிக்கரையில் சுமையோடு மெதுவாக உறுமிச் செல்லும் மொபெட்டுக்கும் அந்தக் கணக்குத்தான் பொருந்தும். மீட்டரில் தூரம் குறைவாகக் காட்டுகிறதே என்று இருந்துவிடாமல், வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன், ரிங் இடைவெளியையும் சீலையும் பார்த்துவிடுவது நல்லது. முதுகில் மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் விசைத்தெளிப்பான் வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன முறைகள் பொருந்தும். ஆனால் அதற்கு ஆயில் கலக்கும் விகிதம் வேறு. அதன் கையேட்டில் உள்ளபடிதான் கலக்க வேண்டும்.